பழைய கார்டுகள் உயிரோடு இருக்கும்போதே





ஐபிஎம் பிசியையும் அதன் வழிவந்த எக்ஸ்டி, ஏடி இயந்திரங்களையும் இன்றைய மடிக்கணினிக்குள் மென்பொருளாக ஓடவைக்கும் எமுலேட்டர்களுக்கு நிரல் எழுதுகிறவர்கள் நீங்கள். சிலர் பல ஆண்டுகளாக இதில் உழைக்கிறீர்கள். சிலர் வேலை முடிந்து வீடு திரும்பி, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, முதல் திருத்தத்தை இப்போதுதான் அனுப்பியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் இதற்காக ஒரு காசும் வாங்குவதில்லை. உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

நான் நிரல் எழுதிப் பிழைத்தவன் இல்லை. எண்பதுகளின் கடைசியில் சென்னையில் பிசி சர்வீஸ் வேலைக்குப் போனவன். கார்டைக் கழற்றி, அதன் தங்க முலாம் பூசிய விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மறுபடி ஸ்லாட்டில் அழுத்திப் பொருத்தினால் பாதிக் கோளாறு போய்விடும் என்று கற்றுக்கொண்ட தலைமுறை. நீங்கள் மென்பொருளில் கட்டிக்கொண்டிருக்கும் சாதனங்களை நான் கையில் பிடித்திருக்கிறேன். அவை நல்ல நாளில் எப்படி நடந்துகொள்ளும், கெட்ட நாளில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும். உங்களோடு பேச எனக்கு இருக்கும் உரிமை அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். பிராசசரைச் சரியாக எழுதிவிட்டால் பழைய கணினி வந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். டைமர், டிஸ்பிளே கார்டு, ஃபிளாப்பி கன்ட்ரோலர், சவுண்ட் கார்டு என்று அதைச் சுற்றியிருக்கும் சாதனங்களில்தான் அந்தக் கணினியின் குணம் இருக்கிறது. ஒரு சாதனம் என்ன பதில் சொல்லும் என்று எழுதினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எவ்வளவு நேரம் கழித்துச் சொல்லும், எந்த நிலையில் சொல்லத் தவறும் என்பதையும் எழுதினால்தான் முழு வேலை. அதை உண்மையான கார்டை வைத்துச் சரிபார்த்து எழுதுங்கள். சரிபார்க்கக் கார்டு கிடைக்கும் காலம் குறைந்துகொண்டே வருகிறது.

சென்ற ஆண்டு என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஓர் இளைஞர் வந்திருந்தார். தானே ஒரு சிறிய எக்ஸ்டி எமுலேட்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் ஆட்லிப் சவுண்ட் கார்டைச் சேர்த்திருந்தார். 1987-இல் கனடாவின் கியூபெக் நகரிலிருந்து வந்த கார்டு அது. அதன் உயிர் யமஹாவின் ஒய்எம்3812 என்ற சிப். ஒரே நேரத்தில் ஒன்பது குரல்களில் ஒலி எழுப்பும். இளைஞர் அந்த ஒன்பது குரல்களையும் அழகாக எழுதியிருந்தார். தனியே இசைத்துக் காட்டினார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பழைய விளையாட்டை ஓடவிட்டால், "சவுண்ட் கார்டு இல்லை" என்று சொல்லிவிட்டு மௌனமாக ஓடியது. பக்கத்திலேயே என் பழைய எக்ஸ்டியில், ஆட்லிப்போடு பொருந்தும் ஒரு கார்டில், அதே விளையாட்டு கணீரென்று பாடியது.

"சார், சத்தமெல்லாம் சரியா வருது. இதுக்கு மட்டும் ஏன் கார்டு தெரியல?" என்றார்.

"தம்பி, அது சத்தத்தையே கேட்கல. டைமரைக் கேட்குது" என்றேன்.

அந்தக் காலத்தில் ஒரு நிரல் ஆட்லிப் கார்டு இருக்கிறதா என்று பார்க்கும் முறை இது. அந்த சிப்பில் இரண்டு டைமர்கள் உண்டு. முதலில் நிரல் இரண்டையும் நிறுத்தி, கொடிகளை அழித்து, ஸ்டேட்டஸ் போர்ட்டைப் படித்து வைத்துக்கொள்ளும். பிறகு முதல் டைமரில் 255 என்று எழுதி ஓடவிடும். அந்த டைமரின் ஒரு படி 80 மைக்ரோ விநாடி. 255-லிருந்து ஒரு படி நகர்ந்தாலே நிரம்பி வழிந்து, ஸ்டேட்டஸில் கொடி ஏறிவிடும். நிரல் அவ்வளவு நேரம் காத்திருந்து மறுபடி படிக்கும். முதல் தடவை கொடி இறங்கியும் இரண்டாம் தடவை ஏறியும் இருந்தால் கார்டு இருக்கிறது என்று முடிவு. இசைக்கும் இந்தச் சோதனைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இளைஞர் இசைக்குத் தேவையில்லை என்று டைமர்களை விட்டிருந்தார்.

உட்கார்ந்த இடத்திலேயே டைமர்களை எழுதினார். ஓடவிட்டோம். மறுபடியும் "கார்டு இல்லை."

இந்த இரண்டாவது தோல்விக்காகத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். விளையாட்டு அந்த 80 மைக்ரோ விநாடியை எப்படிக் கடத்தியது தெரியுமா? ஸ்டேட்டஸ் போர்ட்டையே திரும்பத் திரும்பப் படித்து. இதுவும் அன்றைய வழக்கம்தான். ஆட்லிப்பில் ரிஜிஸ்டர் எண்ணை எழுதியதும் 3.3 மைக்ரோ விநாடி, மதிப்பை எழுதியதும் 23 மைக்ரோ விநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முறையே 6 தடவை, 35 தடவை போர்ட்டைப் படித்தால் போதும் என்பது நிரலாளர்கள் கையாண்ட கணக்கு. உண்மையான இயந்திரத்தில் ஒவ்வொரு படிப்பும் பஸ் வழியே போய்த் திரும்ப நேரம் எடுக்கும். இளைஞரின் எமுலேட்டரிலோ போர்ட்டைப் படிக்க அந்த நேரம் ஆகவில்லை. கட்டளைக்கு உண்டான துடிப்புகளை மட்டும் எண்ணியிருந்தார். பஸ் காத்திருக்கும் துடிப்பை விட்டுவிட்டார். விளையாட்டு தன் கணக்குப்படி காத்து முடித்துப் பார்த்தபோது, எமுலேட்டருக்குள் டைமர் நிரம்பும் அளவுக்கு நேரம் ஓடியிருக்கவில்லை.

பஸ் நேரத்தைச் சேர்த்ததும் விளையாட்டு பாட ஆரம்பித்தது. அவர் அந்த விளையாட்டுக்கென்று ஒரு வரிகூடத் தனியாக எழுதவில்லை. அன்று மாலை, அதுவரை ஓடாமல் கிடந்த வேறு மூன்று நிரல்களும் தாமாகவே ஓடின.

இந்த நேரக் கணக்கு சவுண்ட் கார்டோடு நிற்பதில்லை. ஐபிஎம் பிசி முழுவதும் ஒரே நாடித்துடிப்பில் ஓடும் உடம்பு. மதர்போர்டில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கும். அதை மூன்றால் வகுத்தால் 4.77 மெகாஹெர்ட்ஸ், 8088 பிராசசரின் வேகம். நான்கால் வகுத்தால் அமெரிக்கக் கலர் டிவியின் வண்ண அலைவரிசையான 3.58 மெகாஹெர்ட்ஸ். பன்னிரண்டால் வகுத்தால் 1.193 மெகாஹெர்ட்ஸ், 8253 டைமர் சிப்பின் வேகம். அந்த சிப்புக்குள் மூன்று டைமர்கள். ஒன்று விநாடிக்கு 18.2 தடவை அடித்து நாள் நேரத்தை நகர்த்துகிறது. கடைசி டைமர் ஸ்பீக்கரை இயக்குகிறது. நடுவில் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அது 18 டைமர் துடிப்புக்கு ஒரு தடவை, அதாவது 72 பிராசசர் துடிப்புக்கு ஒரு தடவை, நினைவக சிப்கள் தம்மிடம் இருப்பதை மறந்துவிடாமல் புதுப்பிக்கச் சொல்கிறது. டிஎம்ஏ சிப் உடனே பஸ்ஸைப் பிடித்து நான்கு துடிப்புகளை எடுத்துக்கொள்கிறது. பிராசசருக்கு உரிய நேரத்தில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இப்படியே போகிறது.

சர்வீஸில் இருந்த காலத்தில் இந்த ரெஃப்ரெஷ் நின்றுபோன போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். பவர் போட்டால் உயிர் வரும், நினைவகச் சோதனையிலேயே செத்துவிடும். எமுலேட்டருக்குள் நினைவகம் எதையும் மறப்பதில்லை. அதனால் ரெஃப்ரெஷ் எதற்கு என்று விட்டுவிடத் தோன்றும். தரவுக்கு அது தேவையில்லைதான். நேரத்துக்குத் தேவை.

பிராசசரின் நேரக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. இன்டெல் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் இத்தனை துடிப்பு என்று அட்டவணை இருக்கிறது. ஒரு ரிஜிஸ்டரை ஒரு பிட் இடப்பக்கம் தள்ள 2 துடிப்பு என்று போட்டிருக்கும். ஆனால் அந்தக் கட்டளை இரண்டு பைட் நீளம். 8088-இன் பஸ் ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் கொண்டுவரும். ஒரு பைட்டுக்கு நான்கு துடிப்பு. நான்கு பைட் கொள்ளும் முன்வரிசை ஒன்று உள்ளே இருக்கிறது. அது காலியாகிவிட்டால் அந்த 2 துடிப்புக் கட்டளைக்கு 8 துடிப்பு ஆகும். அட்டவணையை அப்படியே நிரலில் ஏற்றினால் இல்லாத ஓர் இயந்திரத்தைக் கட்டியிருப்பீர்கள்.

இதெல்லாம் நுணுக்கம் தேடுகிறவர்களின் பிடிவாதம் என்று நினைத்தவர்கள் உண்டு. 2015 ஏப்ரலில் ஜெர்மனியில் ரிவிஷன் விழாவில் 8088 எம்பிஎச் என்ற டெமோ காட்டப்பட்டது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி, சிஜிஏ டிஸ்பிளே கார்டு, ஸ்பீக்கர். இவ்வளவுதான் வைத்துக்கொண்டு திரையில் 1024 வண்ணங்களைக் கொண்டுவந்தார்கள். அந்த ஒற்றை பிட் ஸ்பீக்கரில் நான்கு குரல் இசையை ஓடவிட்டார்கள். அது வெளிவந்த நாளில் அதை முழுமையாக ஓட்டிக் காட்டிய எமுலேட்டர் ஒன்றுகூட இல்லை. அதுவரை நாம் "சரியாக ஓடுகிறது" என்று சொல்லிவந்த எமுலேட்டர்கள் எல்லாம், யாரும் கடினமான கேள்வி கேட்காததால் தேறியவை என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த வகை நிரல்களின் ஒரு நுட்பத்தைப் பாருங்கள். சிஜிஏ திரையில் ஒரு கோட்டின் முழு நீளம் 912 புள்ளி. மேலே சொன்ன வகுத்தல்படி அது 304 பிராசசர் துடிப்பு. 76 டைமர் துடிப்பு. ரெஃப்ரெஷ் 18 துடிப்புக்கு ஒரு தடவை வந்தால் 76-க்குள் சரியாக அடங்காது. கோட்டுக்குக் கோடு இடம் நழுவிக்கொண்டே போகும். டைமரை 18-லிருந்து 19-க்கு மாற்றினால் ஒரு கோட்டுக்கு மிகச்சரியாக நான்கு ரெஃப்ரெஷ். பிராசசரும் திரையும் நினைவகமும் கைகோத்து நடக்க ஆரம்பிக்கும். அதன் பிறகு திரையில் ஒளிக்கற்றை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, நிரல் துடிப்பை எண்ணியே அறிந்துகொள்ளும். ரெஃப்ரெஷை விட்டுவிட்ட எமுலேட்டரில் இந்தக் கட்டிடம் அஸ்திவாரம் இல்லாமல் சரிந்துவிடும்.

2022-இல் ஏரியா 5150 என்ற டெமோ இன்னும் கடினமான கேள்விகளோடு வந்தது. அடுத்த ஆண்டே ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட மார்ட்டிபிசி என்ற எமுலேட்டர் அதை ஓட்டிக் காட்டியது. எப்படி முடிந்தது என்பதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதை எழுதியவர் உண்மையான 8088 சிப்பை ஓர் ஆர்டுயினோ போர்டில் இணைத்து, ஒவ்வொரு துடிப்பிலும் அதன் கால்களில் என்ன நடக்கிறது என்று படித்து, தன் நிரலோடு ஒப்பிட்டார். கையேட்டோடு நிற்காமல் சிப்பிடமே கேட்டார். ஒவ்வொரு கட்டளைக்கும் இப்படிப் பதிவான ஆயிரக்கணக்கான சோதனைகள் இன்று எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. 8088-க்கு இந்த வேலை நடந்துவிட்டது. கார்டுகளுக்கு இன்னும் எவ்வளவோ பாக்கி.

ஃபிளாப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 360 கேபி ஃபிளாப்பிக்கு 40 தடம், இரண்டு பக்கம், தடத்துக்கு ஒன்பது செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் 3,68,640 பைட். அந்த அளவில் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு, நிரல் பயாஸிடம் செக்டார் கேட்கும்போதெல்லாம் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால் பெரும்பாலான நிரல்கள் ஓடிவிடும். இந்தக் குறுக்குவழியில் தட்டே இல்லை. உண்மையான தட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 200 மில்லி விநாடி. மோட்டார் வேகம் பிடிக்க நேரம் ஆகும். தலை தடத்துக்குத் தடம் கடகடவென்று நகரும். தேடிய செக்டார் இப்போதுதான் தலையைத் தாண்டியிருந்தால் இன்னொரு சுற்று காத்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் லோட்டஸ் 1-2-3 போன்ற மென்பொருள்கள் நகல் எடுக்க முடியாத சாவித் தட்டோடு வந்தன. இத்தகைய காவல் நிரல்கள் பலவும் பயாஸை நம்பாமல் ஃபிளாப்பி கன்ட்ரோலரிடம் நேரடியாகவே பேசும். சில தட்டுகளில் வேண்டுமென்றே சரிபார்ப்பு எண்ணைத் தவறாக எழுதிய செக்டார் இருக்கும். சிலவற்றில் காந்தப் பதிவே தெளிவில்லாத ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தை இரண்டு தடவை படித்தால் இரண்டு விதமான பதில் வரும். ஒரே பதில் வந்தால் அது நகல் என்று நிரல் நின்றுவிடும். 3,68,640 பைட் கோப்பில் இந்தத் தெளிவின்மையை வைக்க இடம் கிடையாது. நல்ல எமுலேட்டர் காந்தப் புலத்தின் மாற்றங்களையே பதிவுசெய்த கோப்பைப் படிக்கும். படிக்க முடியாத இடத்தில் படிக்க முடியவில்லை என்று சொல்லும். கிரீஸ்வீசல், கிரையோஃப்ளக்ஸ் போன்ற கருவிகள் பழைய தட்டை அந்த அளவில் பதிவுசெய்து கொடுக்கின்றன. அந்தப் பதிவுகளுக்கு நியாயம் செய்யும் கன்ட்ரோலரை எழுத வேண்டியது உங்கள் பங்கு.

சாதனத்தின் குறைகளையும் எழுதுங்கள் என்று இதனால்தான் கேட்கிறேன். ஐபிஎம்மின் சிஜிஏ கார்டில் 80 பத்தி உரைத் திரையில், கார்டு படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பிராசசர் அதே நினைவகத்தைத் தொட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் பனி கொட்டுவதுபோலத் தெறிக்கும். அன்றைய நிரலாளர்கள் ஒளிக்கற்றை கோட்டின் முடிவிலிருந்து திரும்பும் அந்தச் சிறு இடைவெளிக்குக் காத்திருந்து, எழுத்தெழுத்தாகத் திரையில் போட்டார்கள். இடைவெளி வந்துவிட்டதா என்று ஸ்டேட்டஸ் போர்ட்டில் ஒரு பிட்டைப் பார்ப்பார்கள். அந்த பிட்டைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று, சுழி என்று மாற்றி மாற்றிக் கொடுத்துச் சமாளிக்கும் எமுலேட்டர்களும் உண்டு. நிரல் நிற்காமல் ஓடும். ஆனால் அந்த நிரலாளர் ஏன் அப்படிக் காத்திருந்தார், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் காத்திருந்தார் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

உண்மையான கார்டைவிட எமுலேட்டர் தாராளமாக இருப்பதும் கெடுதல்தான். சவுண்ட் பிளாஸ்டரின் முதல் வகைகளில் ஒலித்துண்டு ஒன்று முடிந்ததும் அடுத்த துண்டைத் தானாகத் தொடரும் வசதி இல்லை, டிஎஸ்பி 2.00 பதிப்பில்தான் வந்தது. முதல் வகை கார்டு என்று பெயர் போட்டுவிட்டு இரண்டாம் வகையின் வசதியைக் கொடுத்தால், இன்றைக்குப் பழைய கணினிக்காகப் புதிதாக நிரல் எழுதும் ஒரு மாணவர் ஏமாந்துபோவார். எமுலேட்டரில் நன்றாக ஓடியது, கார்டில் ஓடவில்லை என்று அவர் வந்து நிற்கும்போது தவறு அவருடையதாக இருக்காது.

இவ்வளவும் சொன்னபின் உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, ஒரு விளையாட்டு ஓடவில்லை என்றால் அந்த விளையாட்டின் பெயரைச் சோதித்து வழி விடும் வரியை எழுதாதீர்கள். சாதனத்தில் எங்கே தவறு என்று தேடுங்கள். இரண்டு நாளில் முடிவது இரண்டு மாதம் ஆகலாம். ஆனால் அந்த ஒரு திருத்தம், நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத நூறு நிரல்களுக்கும் சேர்த்துச் செய்ததாக இருக்கும்.

இரண்டாவது, நீங்கள் எழுதும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சிறிய சோதனை நிரல் எழுதுங்கள். அது எமுலேட்டரிலும் உண்மையான இயந்திரத்திலும் ஓட வேண்டும். கார்டு வைத்திருக்கும் என் போன்றவர்களிடம் கொடுங்கள்; ஓட்டி, வந்த எண்களை அனுப்புகிறோம். எந்தக் கார்டு, அதன் போர்டில் என்ன எண், எந்த சிப், எப்போது அளந்தது என்று நிரலிலேயே குறித்துவையுங்கள். அளந்து எழுதியதையும் ஊகித்து எழுதியதையும் பிரித்துக் காட்டுங்கள். "இது ஊகம், கார்டில் சோதிக்கவில்லை" என்று ஒரு வரி இருந்தால் பின்னால் வருகிறவர் அங்கிருந்து தொடங்குவார். 1997-இல் தொடங்கிய மேம் என்ற எமுலேட்டர் திட்டம் தன் மூல நிரலையே பழைய வன்பொருளின் ஆவணமாகக் கருதுகிறது. உங்கள் நிரலும் அப்படிப் படிக்கப்படும் நாள் வரும்.

மூன்றாவது, வேகம் குறைந்த கணினி வைத்திருப்பவர்களைக் கைவிடாதீர்கள். துடிப்புக்குத் துடிப்பு எண்ணும் எமுலேட்டரை ஓட்ட இன்றைய வேகமான பிராசசருக்கும் மூச்சு வாங்கும். கல்லூரி மாணவர் ஒருவர் கைமாறி வந்த மடிக்கணினியில் பழைய விளையாட்டை ஆடிப் பார்க்க நினைத்தால் அவருக்கு வேகமான வழி ஒன்றும் இருக்கட்டும். ஆனால் எது துல்லியம், எது சமரசம் என்பதை அமைப்புப் பட்டியலில் வெளிப்படையாக எழுதுங்கள்.

இனி என் மனதுக்கு நெருக்கமான ஒரு கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐஐடி கான்பூரில் தொடங்கிய இந்திய மொழிக் கணினி ஆய்வு, 1988-இல் புனேயில் உருவான சி-டாக் நிறுவனத்தில் ஜிஸ்ட் கார்டாக வளர்ந்தது. பிசியின் ஸ்லாட்டில் பொருத்தும் கார்டு. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட டிபேஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ் போன்ற மென்பொருள்களை மாற்றாமலேயே அவற்றின் உரைத் திரையில் தமிழும் இந்தியும் மற்ற இந்திய எழுத்துகளும் வரச்செய்தது. ஓர் அலுவலகத்தில் பிரிண்டர் பழுது பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து மேசையில் டிபேஸில் பெயர்ப் பட்டியல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் வரிசையாகத் தமிழ்ப் பெயர்கள். "தமிழ்ச்செல்வி" என்ற பெயரில் இருந்த ழகர மெய்யை அதன் தலைப் புள்ளியோடு டிபேஸ் திரையில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பழுது பார்க்க வந்ததை மறந்து நின்றிருந்தேன்.

அந்தக் கார்டோடு சேர்ந்து வளர்ந்ததுதான் இஸ்கி என்ற எழுத்துக்குறி முறை. 1991-இல் இந்தியத் தர நிர்ணயமாக ஐஎஸ் 13194 என்ற எண்ணில் வந்தது. அதற்கு முந்தைய 1988 வடிவத்தைத்தான் யூனிகோடு தன் இந்திய மொழிப் பகுதிகளுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே வரிசை என்பது அதன் கொள்கை. அதனால்தான் இன்றும் யூனிகோடில் தமிழ்ப் பகுதியைத் திறந்தால் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று எண்கள் காலியாக இருக்கின்றன. உங்கள் கைபேசியில் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லிலும் அந்தக் காலத்தின் சுவடு இருக்கிறது.

நான் பயன்படுத்திப் பார்த்த எமுலேட்டர்கள் எதன் சாதனப் பட்டியலிலும் ஜிஸ்ட் கார்டைக் கண்டதில்லை. ஆட்லிப் இருக்கிறது, ஹெர்குலிஸ் இருக்கிறது, நம் ஊரில் யாரும் பார்த்திராத நெட்வொர்க் கார்டுகள் இருக்கின்றன. தமிழ் முதன்முதலாகப் பல அலுவலகங்களின் கணினித் திரையில் ஏறிய கார்டு இல்லை. அன்று சேமித்த இஸ்கி கோப்பை இன்று யூனிகோடுக்கு மாற்றிவிடலாம், எழுத்து கிடைத்துவிடும். அந்த எழுத்து திரையில் எந்த வடிவில் நின்றது, கொம்பும் துணைக்காலும் எப்படி இடம் பிடித்தன, எழுத்துகளை அடிக்க அடிக்கத் திரை எப்படி மாறியது என்பதெல்லாம் கார்டுக்குள் இருக்கிறது. இந்த வேலையை வேறு யாரும் நமக்காகச் செய்யப்போவதில்லை.

நாள் அதிகம் இல்லை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலக் கார்டுகளில் இருக்கும் டான்டலம் கெப்பாசிட்டர்கள் பல ஆண்டு சும்மா கிடந்தபின் பவர் போட்டதும் ஷார்ட் ஆகி வெடிக்கும். ஏடி போர்டுகளில் நீல நிற நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து பக்கத்திலிருக்கும் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பச்சைப் பூச்சுக்கு அடியில் அது பரவியிருப்பது வெளியே தெரியாது. கண்ணாடிச் சன்னல் வைத்த ஈபிரோம் சிப்பில் தரவு என்பது சிறைப்பட்ட மின்னூட்டம். ஆண்டுக்கு ஆண்டு கசிகிறது. சன்னல் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் உதிர்ந்து வெளிச்சம் பட்டால் இன்னும் சீக்கிரம் அழியும். இவற்றுக்கெல்லாம் தப்பிய கார்டு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகிறது. விளிம்பில் இருக்கும் தங்கத்துக்காக ஆசிடில் ஊறுகிறது.

ஆகவே கார்டு கையில் கிடைத்ததும் உடனே ஸ்லாட்டில் செருகிப் பவர் போடாதீர்கள். முதலில் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுங்கள். சிப்களின் மேல் இருக்கும் எண்கள் அத்தனையும் எழுதிக்கொள்ளுங்கள். ரோம் சிப்பை நிதானமாகக் கழற்றி, ரீடரில் இரண்டு மூன்று தடவை படித்து, எல்லாத் தடவையும் ஒரே பதில் வருகிறதா என்று ஒப்பிட்டுச் சேமியுங்கள். ஜம்பர்கள் எந்த நிலையில் இருந்தன என்று குறியுங்கள். பெட்டியில் கையேடோ ஃபிளாப்பியோ இருந்தால் அதுவும் கார்டின் உறுப்புதான், பிரிக்காதீர்கள். கெப்பாசிட்டர்களைப் பார்த்தபிறகு பவர்.

இந்த மடல் நிரல் எழுதாத சிலர் கைக்கும் போகும் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ, அலுவலகத்தின் பழைய பதிவறையிலோ, கல்லூரி ஆய்வகத்தின் மூலையிலோ எண்பதுகளின் கணினி ஒன்று துணி மூடிக் கிடந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஜிஸ்ட் என்று எழுதிய கார்டு இருந்தால், எமுலேட்டர் எழுதும் பிள்ளை ஒருவரிடம் ஒரு வாரம் கடனாகக் கொடுங்கள். எழுதும் பிள்ளைகளே, கடன் வாங்கியதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள்.

என் மேசையில் ஓடும் எக்ஸ்டி ஒன்று இருக்கிறது. வேலை செய்யும் ஃபிளாப்பி டிரைவ் இரண்டு, ஆசிலோஸ்கோப் ஒன்று, ரோம் ரீடர் ஒன்று இருக்கின்றன. உங்கள் சோதனை நிரலோடு வாருங்கள். இயந்திரம் ஓடும்வரை அளந்து தருகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு பழைய சர்வீஸ் எஞ்சினியர்